ஆட்டு ஊசி

அத்தியாயம் 17

என் அக்கா ரோஹாவுக்கு இரக்கமே கிடையாது என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள். தப்பு. நிறைய இருக்கிறது. அவ்வளவையும் ஆடுகளுக்கு ஒதுக்கிவிட்டாள், மனுஷர்களுக்கு மிச்சமில்லை, அவ்வளவுதான்.

தைஹாப்பே டவுனுக்கு மேலே இருக்கும் மலைப் பண்ணைகளில் கொட்டகை கொட்டகையாகப் போய் ஆட்டுக் கம்பளி கத்தரிக்கிற கும்பலை முப்பது வருஷமாக நடத்துகிறாள். நான் அவள் தங்கை ஹுஹானா, அந்தக் கும்பலுக்குச் சமைத்துப் போடுகிறவள். எனக்கும் வாய்க்குக் குறைச்சல் இல்லை. ஒரே வயிற்றிலிருந்து வந்த வாய்.

போன வாரம் அவள் தன் மருமகன் திபேனேயை என்ன செய்தாள் என்று மறந்திருக்க மாட்டீர்கள். பதினாறு பேர் பார்க்க, முதல் இடத்திலிருந்து அவனை இறக்கினாள். கொட்டகையில் முதல் இடம் என்பது கைவேகம் உள்ளவனுக்கு. ஐந்து வருஷமாக அது அவனுடையது. ஆனால் இந்த எட்டு வாரமாக நாளுக்கு முந்நூற்று நாற்பது ஆடு கத்தரித்தவன் இருநூற்றைம்பதுக்கு வந்துவிட்டான். அவன் கையிலிருந்து போன ஆடுகளில் மூன்றுக்கு ஒன்று கீறலோடு போனது.

"சோம்பேறிக்கு எதுக்குக் கத்தரிக்கிற மெஷினு? போய் என் தங்கச்சிக்குப் பாத்திரம் கழுவு!"

அப்படித்தான் அவன் என் சமையல்கட்டுக்கு வந்து சேர்ந்தான். ரோஹாவின் மகள் ஹினேவாய், திபேனேயின் பெண்டாட்டி, கம்பளி பிரிக்கிற மேசையில் நின்றுகொண்டு அத்தனையும் பார்த்தாள். கம்பளி பிரிப்பதை நிறுத்தவில்லை. அம்மாவின் வாய்க்கு அடியிலேயே வளர்ந்த பெண், வெயில் படாத செடி மாதிரி வெளுத்துப் போயிருக்கிறாள்.

நான் மட்டும் என்ன யோக்கியம்? எனக்கும் அவனைக் கண்டால் இளப்பம்தான். வெலிங்டன் பக்கத்துப் பையன். ஆட்டைப் படத்தில் பார்த்து வளர்ந்தவன். எங்கள் பெண்ணைக் கட்டிக்கொண்டு வந்து, எங்கள் ஆட்களை விட வேகமாகக் கத்தரித்துக் காட்டியவன். அதை எப்படி மன்னிப்பது?

வியாழக்கிழமை காலை ஏழரை மணி. முதல் சுற்றுக் கத்தரிப்பு முடித்து வந்தவர்கள் தின்றுவிட்டுப் போட்ட தட்டுகள் மலையாகக் கிடந்தன. திபேனே ஒரு மணி நேரமாகச் சுடுதண்ணீரில் கை விட்டுக் கழுவிக்கொண்டிருந்தான். ஒரு கோப்பை நழுவி உடைந்தது. அந்த வாரத்தில் நாலாவது.

"ஏண்டா, கோப்பை உனக்கு என்ன பாவம் பண்ணிச்சு? ஆட்டைத்தான் கீறினே, இப்ப என் பீங்கானையுமா?"

"வழுக்கிடுச்சு சின்னத்தை."

"காட்டு கைய."

ஈரக் கைகளை நீட்டினான். வலது கை விரல்கள் ஐந்தும் நனைந்து உலர்திராட்சை மாதிரி சுருங்கியிருந்தன. இடது கையில் மூன்று விரல் அப்படியே. சுண்டுவிரலும் அதற்கு அடுத்த விரலும் மட்டும் மொழுமொழுவென்று, தண்ணீரையே பார்க்காத விரல்கள் போல இருந்தன.

எனக்குக் கேலி செய்ய இதற்கு மேல் என்ன வேண்டும்?

"அடடா! இந்த ரெண்டு விரலையும் தண்ணிக்கு வெளிய நீட்டிக்கிட்டே கழுவுறியா? ராணியம்மா டீ குடிக்கிற மாதிரி?"

"முழுசாத்தான் வச்சிருந்தேன். அது ரெண்டும் சுருங்கறதில்ல, ரொம்ப நாளா."

"வேலைன்னா உன் விரலுக்குக்கூட அலர்ஜி."

அவனும் சிரித்தான். அதுதான் அவனிடம் எனக்குப் பிடிக்காத குணம். திட்டினாலும் சிரிப்பான், இன்னும் திட்டத் தோன்றும்.

"சிரிச்சது போதும், அடுப்பிலேர்ந்து ஸ்கோன் பன்னு தட்ட எடு. பத்து மணி டீக்கு வேணும்."

துணியைப் பிடித்து இரண்டு கையாலும் தட்டை வெளியே எடுத்தான். மெதுவாக, ஒன்றும் கொட்டாமல், சமையல்கட்டின் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடி வரை தூக்கி வந்தான். கருகல் வாடை வந்தது. அடி பிடித்துவிட்டது என்று நினைத்து ஒரு ஸ்கோனைப் புரட்டினேன். பொன்னிறமாக இருந்தது.

"எங்க வைக்கட்டும் சின்னத்தை?" என்று கேட்டபடி நின்றான்.

இடது கையில் துணி விலகியிருந்தது. அவனுடைய சுண்டுவிரல் தட்டின் விளிம்பில் ஒட்டிக்கொண்டிருந்தது. வாடை அங்கேயிருந்துதான்.

"கீழ வைடா! வைடா கீழ!"

வைத்தான். விரலைப் பார்த்தான். தோல் வெந்து வெளுத்திருந்தது. முகத்தில் வலி இல்லை. ஏதோ அடுத்த வீட்டுக்காரன் விரலைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டு நின்றான்.

அப்போதுதான் அவன் மணிக்கட்டுத் தழும்பு என் கண்ணில் பட்டது.

எட்டு வாரத்துக்கு முன்னால், ஒரு நாளின் கடைசிச் சுற்று. ஒரு பெட்டை ஆடு உதைத்தது. வலது கையில் ஓடிக்கொண்டிருந்த மெஷின் எகிறி, அவனுடைய இடது மணிக்கட்டில் சுண்டுவிரல் பக்கம் இறங்கியது. எங்கள் கொட்டகைத் தூணில் ஓர் ஆணி உண்டு. கத்தரி பட்டுக் கிழிந்த ஆட்டைத் தைக்க வளைந்த ஊசியும் மெழுகு நூலும் அதில் தொங்கும். யாராவது "ஊசி!" என்று கத்தினால் ரோஹா ஓடிவருவாள். அன்றும் யாரோ விளையாட்டுக்கு "ஊசி!" என்றார்கள். அவள் விளையாடவில்லை. அவனைக் கம்பளி மூட்டை மேல் உட்கார வைத்தாள். ஆட்டுப் புண்ணுக்கு ஊற்றுகிற நீல மருந்தை ஊற்றினாள். ஏழு தையல் போட்டாள். கும்பல் கை தட்டியது. அவன் எழுந்து போய் இன்னும் முப்பது ஆடு கத்தரித்தான். அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லி மதுக்கடையில் எத்தனையோ கோப்பை காலியானது.

மறுநாள் அவன் சொன்னான். "அத்தை, இந்த ரெண்டு விரலும் என்னுது மாதிரியே இல்ல."

"தையல் இறுக்கம், போகப் போகச் சரியாயிடும். நான் தைச்ச ஆடு எதுவும் வந்து எங்கிட்ட குறை சொன்னதில்ல" என்றாள் ரோஹா.

எல்லாரும் சிரித்தோம். நான்தான் சத்தமாகச் சிரித்தேன்.

வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனேன். வியாழன் நான் சாமான் வாங்க டவுனுக்குப் போகிற நாள்தான்.

"அக்கா, இவனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன். விரல் வெந்துடுச்சு."

"வெண்ணெய் தடவு. ஒரு விரலுக்கு ஆஸ்பத்திரியா? நம்ம அப்பா உடைஞ்ச விலாவோட ஒரு வாரம் கத்தரிச்சாரு."

"அவருக்கு வலிச்சுதுக்கா. இவனுக்கு வலிக்கல."

"வலிக்கலன்னா எதுக்குடி ஆஸ்பத்திரி?"

மேசையிலிருந்து ஹினேவாய் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"சித்தி, நானும் வரேன்."

"நீ போனா கம்பளிய யாரு பிரிக்கிறது? உங்கொப்பனா எழுந்து வருவாரு?" என்றாள் ரோஹா. அவள் அப்பா செத்து ஒன்பது வருஷம். ஹினேவாய் நின்றாள், திரும்பினாள், மேசைக்குப் போனாள். பெற்ற பெண்ணை இப்படியும் வளர்க்கலாம் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

மதியத்துக்கு ஆறின ஆட்டிறைச்சியையும் ரொட்டியையும் மேசையில் வைத்துவிட்டுக் கிளம்பினேன். ஒன்றேகால் மணி நேரப் பயணம். அவன் ஜன்னல் வழியே மலையைப் பார்த்துக்கொண்டு வந்தான்.

"அத்தைகிட்ட எதுவும் கோபமில்ல சின்னத்தை. அவங்க நல்லதுக்குத்தான் தைச்சாங்க."

"வாய மூடிட்டு வா. உன் நல்ல மனசு எனக்குக் குமட்டுது."

அவசரப் பிரிவில் தீக்காயத்தைப் பார்த்த சின்ன டாக்டர் முகம் மாறி, மாடியிலிருந்து கைக்கு ஆபரேஷன் செய்கிற பெரிய டாக்டரைக் கூப்பிட்டார். டாக்டர் டன்லப். குள்ளமான பெண்மணி, ஐம்பது வயது, கறார்க் கண்.

"கண்ண மூடிக்கோங்க. பஞ்சால தொடுவேன். தொட்டதும் சொல்லுங்க."

கட்டைவிரலைத் தொட்டார். "ஆமா" என்றான். நடுவிரல். "ஆமா." சுண்டுவிரலைத் தொட்டார். தடவினார். அழுத்தினார். அவன் கண்ணை மூடிக்கொண்டு மரியாதையாகக் காத்திருந்தான்.

"இன்னும் தொடலையா டாக்டர்?"

நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அடுத்து விரல்களை விரிக்கச் சொன்னார். வலது கை விசிறியாக விரிந்தது. இடது கையில் இரண்டு விரல் கொக்கி போல வளைந்தபடியே நின்றன. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே காகிதத்தை வைத்துப் பிடிக்கச் சொல்லி இழுத்தார். வலது கையில் காகிதம் கிழிந்தது. இடது கையிலிருந்து சும்மா வந்தது.

"தண்ணில நனைஞ்சா இந்த விரல் சுருங்குதா?"

"சுருங்கல டாக்டர்" என்றேன் நான். "ஒரு மணி நேரம் பாத்திரம் கழுவியும் சுருங்கல."

"கவனிச்சீங்களா? நல்லது. நரம்பு அறுந்த விரல் சுருங்காது. அதுவே ஒரு சோதனை."

"திட்டறதுக்காகப் பார்த்தேன்."

டாக்டர் அவன் மணிக்கட்டைத் திருப்பினார்.

"இது எப்படி வெட்டுப்பட்டுது?"

"ஜன்னல் கண்ணாடி" என்றான் திபேனே.

"யாரு தைச்சது?"

"நானே."

"ஒரு கையால? தழும்பே சொல்லுது, ரெண்டு கை வேணும் இதுக்கு. தம்பி, நான் பொறந்தது ஆட்டுப் பண்ணையில. கிழிஞ்ச ஆட்டுக்கும் போர்வை ஓரத்துக்கும் போடற தையல் இது. மனுஷன் மேல இன்னிக்குத்தான் பார்க்கிறேன்."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். மாமியாருக்காகப் பொய் சொல்கிற மருமகனை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. முட்டாள்.

டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. மணிக்கட்டில் ஓடுகிற நரம்பு முழுசாக அறுந்திருக்கிறது. மேலே தோலை மட்டும் அழகாக மூடியிருக்கிறார்கள். அன்றைக்கே வந்திருந்தால் இரண்டு முனையையும் சேர்த்துத் தைத்திருக்கலாம். இப்போது முனைகள் விலகிச் சுருங்கியிருக்கும். கெண்டைக்காலிலிருந்து ஒரு துண்டு நரம்பு எடுத்து நடுவில் ஒட்டுப் போட வேண்டும். அதற்குப் பிறகு நரம்பு ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் வளரும், அதுவும் அதற்கு மனசு இருந்தால். கட்டைவிரலுக்குப் பக்கத்துச் சதை இப்போதே குழி விழுந்துவிட்டது. தாமதித்தால் அது திரும்பவே வராது.

"மறுபடி ஆடு கத்தரிக்க முடியுமா?" என்றான்.

"முதல்ல கோட்டுக்குப் பொத்தான் போட முடியுதான்னு பார்ப்போம்."

அவன் சிரிக்கவில்லை. அவனைச் சிரிக்காமல் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"திங்கக்கிழமை ஒரு இடம் காலியாயிருக்கு" என்றார் டாக்டர். "ஆனா எட்டு வாரமா எந்த டாக்டரும் பார்க்காத காயம். எப்போ, எங்க, எப்படிப் பட்டுது, யாரு தைச்சதுன்னு இந்தக் காகிதத்துல முதலாளி எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரணும். நீங்க கண்ணாடிங்கறீங்க, தையல் கொட்டகைங்குது. இப்படி அனுப்பினா விபத்துக்குப் பணம் தர்ற ஆபீஸ்ல கேள்வி கேட்டே மூணு மாசம் ஓட்டிடுவாங்க. நாளைக் காலைல பத்து மணிக்குள்ள இங்க வரணும். அடிச்சுத் திருத்தாதீங்க, திருப்பி அனுப்பிடுவாங்க." பிறகு என்னிடம், "நீங்க அப்ப அங்க இருந்தீங்களா?"

இருந்தேன். ஊசியில் நூலைக் கோத்துக் கொடுத்தேன். ஏழாவது தையல் முடிந்ததும் கத்தரிக்கோல் தேடச் சோம்பல்பட்டு, குனிந்து நூலைப் பல்லால் கடித்தேன்.

"முதலாளி எழுதித் தருவாங்க டாக்டர்" என்றேன். காகிதத்தை வாங்கி அவனிடம் கொடுத்தேன்.

மூன்று மணி டீ நேரத்துக்குக் கொட்டகைக்குத் திரும்பினோம். மெஷின்கள் நின்றிருந்தன. எல்லாரும் கம்பளி மூட்டைகள் மேல் உட்கார்ந்து காலை சுட்ட ஸ்கோனை மென்றுகொண்டிருந்தார்கள். முதல் இடத்துக்குப் புதிதாக வந்தவன் கால் மேல் கால் போட்டிருந்தான்.

"வந்துட்டாருய்யா விரல் ராசா!" என்றாள் ரோஹா. "என்ன சொன்னா உன் டாக்டரம்மா? கட்டுப் போட்டு முத்தம் குடுத்தாளா?"

நான் சொன்னேன். ஒன்றும் விடாமல், கும்பல் கேட்கவே சொன்னேன். மென்றுகொண்டிருந்த வாய்கள் நின்றன. ஹினேவாய் எழுந்து வந்து புருஷன் பக்கத்தில் நின்றாள்.

ரோஹா டீயை ஒரு மடக்குக் குடித்தாள்.

"நரம்பு! படிச்சவளுக்கு ஒரு பேரு வேணும் எல்லாத்துக்கும். ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணலாம். இவனுக்கு வேலை செய்ய உடம்பு வளையல, அதுக்கு நரம்பு மேல பழி. அந்தக் காகிதத்துல நான் கையெழுத்துப் போட்டா நாளைக்கே ஆபீசருங்க வந்து கொட்டகைக்கு வெளிய நிப்பாங்க. முப்பது வருஷப் பேரு எனக்கு. குடு இங்க, கிழிச்சுப் போடறேன்."

திபேனே காகிதத்தை இடது கையில் வைத்திருந்தான். அவள் பிடித்து இழுத்தாள். வந்துவிட்டது.

அவள் சண்டைக்குத் தயாராக இருந்தவள். இவ்வளவு சுலபமாக வந்ததில் அவளுக்கே ஒரு தடுமாற்றம்.

"என்னடா, குடுத்துட்டே? ரோஷம் இல்ல? கெட்டியாப் பிடி பார்ப்போம்."

காகிதத்தை அவன் விரல்களுக்கு நடுவில் திரும்பச் செருகினாள். இழுத்தாள். வந்தது. மறுபடி செருகினாள். இரண்டு விரலால் இழுத்தாள். வந்தது. அவன் கழுத்து நரம்பு புடைத்திருந்தது, நெற்றி வேர்த்திருந்தது.

"கெட்டியாப் பிடிடா!"

"பிடிச்சுக்கிட்டுதான் இருக்கேன் அத்தை."

கீழே பட்டியில் ஒரு ஆடு இருமியது. ரோஹா காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். மூன்றாவது தடவை செருகக் கையை நீட்டி, பாதியில் இழுத்துக்கொண்டாள். எனக்கு அதில் ஒரு சந்தோஷம் வந்தது, மறைப்பானேன்.

பிறகு மணியைப் பார்த்தாள். "டீ முடிஞ்சுது. மெஷினைப் போடு."

காகிதத்தை மேசையில் எறிந்துவிட்டுப் போனாள். கிழிக்கவும் இல்லை, எழுதவும் இல்லை. மெஷின்கள் இரைந்தன. கோழைகள் பதினாறு பேரும் குனிந்து கத்தரிக்க ஆரம்பித்தார்கள்.

ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. முதல் இடத்திலிருந்து சத்தம்.

"ஊசி!"

புது வேகக்காரன் வேகத்தைக் காட்டியிருந்தான். ஆட்டின் விலாவில் உள்ளங்கை அகலத்துக்குத் தோல் தொங்கியது. ரோஹா தூணுக்கு ஓடினாள். ஆணியில் ஒன்றும் இல்லை.

"ஊசி எங்க? எவன் எடுத்தான்?"

"எங்கிட்ட இருக்கும்மா" என்றாள் ஹினேவாய்.

மேசைக்குப் பின்னால் நின்றிருந்தாள். ஒரு கையில் ஊசியும் நூலும். இன்னொரு கையால் காகிதத்தை அம்மாவின் பக்கம் தள்ளினாள். அதன் மேல் பேனா இருந்தது.

"விளையாடாதேடி. ஆடு ரத்தம் விடுது."

"பார்த்துட்டேன்."

"குடு!"

"நீ கையெழுத்துப் போடு, நான் குடுக்கறேன்."

இருபத்தொன்பது வயதில் முதல் தடவையாகத் தாயை எதிர்க்கிறாள். என் தங்கமே என்று கத்தலாம் போல இருந்தது எனக்கு.

ரோஹா மகளைப் பார்த்தாள். மருமகனைப் பார்த்தாள். அங்கெல்லாம் அவள் முகம் கல்லாகவே இருந்தது. பிறகு ஆட்டைப் பார்த்தாள். அது தலையைச் சாய்த்து, கத்தாமல், அவளையே பார்த்துக்கொண்டு கிடந்தது.

பேனாவை எடுத்தாள். கடகடவென்று எழுதினாள், அடியில் கையெழுத்தைக் கிறுக்கினாள், மகள் கையிலிருந்து ஊசியைப் பறித்துக்கொண்டு ஓடி ஆட்டின் பக்கத்தில் மண்டியிட்டாள்.

"ஒண்ணுமில்லடா கண்ணு, ஒண்ணுமில்ல, இதோ ஆச்சு" என்று அதன் காதில் கொஞ்சினாள். மருமகன் கைக்கு வராத இரக்கம் ஒரு கிழட்டு ஆட்டின் விலாவுக்கு வந்தது. போகட்டும், கையெழுத்து வந்ததே.

ஹினேவாய் புருஷன் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். அவன் வலது கையால் அவள் தலையைத் தடவினான். இடது கையை யோசித்து, தூக்கி, அதையும் அவள் முதுகில் வைத்தான்.

"சித்தி, காகிதத்த நீயே வச்சுக்கோ. காலைல நாங்க ஆறு மணிக்கே கிளம்பிடறோம், அப்ப குடு" என்றாள்.

எடுத்துக்கொண்டு சமையல்கட்டுக்கு வந்தேன். கையைத் துடைத்துக்கொண்டு, ஜன்னல் வெளிச்சத்தில் படித்தேன். தேதி சரி. இடம், கொட்டகை, சரி. ஆடு உதைத்து மெஷின் பட்டது, சரி. முதலாளி கையெழுத்து, சரி.

காயத்தைத் தைத்தவர் பெயர் என்ற இடத்தில் என் அக்கா, தெளிவான எழுத்தில், "ஹுஹானா, சமையல்காரி" என்று எழுதியிருந்தாள்.

அடிக்கக்கூடாது, திருத்தக்கூடாது, நாளை பத்து மணி. ஒரு தடவை "பொய்" என்று நான் வாயைத் திறந்தால் திங்கட்கிழமை இடம் போய்விடும். திறக்காவிட்டால் அந்தக் கையைக் கெடுத்தவள் நான் என்று காலத்துக்கும் காகிதம் சொல்லும். அதற்கு அடியில் இன்னொரு கோடு காலியாக இருந்தது. தைத்தவர் கையெழுத்து.

கொட்டகையிலிருந்து அவள் அந்த ஆட்டைக் கொஞ்சுவது இங்கே வரை கேட்டது. நான் நாக்கால் என் முன்பல்லைத் தடவிப் பார்த்துக்கொண்டேன். நூலைக் கடித்த பல் அதுதான். பேனாவைத் தேட ஆரம்பித்தேன்.